பேக்கிங் மாற்றியும் நிற்காத ஆயில் கசிவு

டேப்பட் கவர், அதாவது இன்ஜின் தலையின் மேல்மூடி, அதன் இடுக்கை அடைக்கும் பேக்கிங்கை மாற்றி மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, அதே இடத்தில் மறுபடியும் ஈரம். இப்போது இன்னொரு பேக்கிங் வாங்கிப் போட்டால், அதற்கும் அதே கதிதான். திரும்பத் திரும்பக் கசிகிற இன்ஜினில் கோளாறு பெரும்பாலும் பேக்கிங்கில் இருக்காது. இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறியிருக்கும், பேக்கிங் உட்காரும் முகம் கெட்டிருக்கும், இல்லையென்றால் போல்ட்டை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். சிறிய பெட்ரோல் கார்களின் டேப்பட் கவரையும், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சேம்பரையும் வைத்து இந்த மூன்றையும் பார்ப்போம்.

முதலில் கசிகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். ஆயில் மேலிருந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சேம்பர் அடியில் தொங்குகிற சொட்டு டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின் ஆல்டர்னேட்டர், இக்னிஷன் பாகங்கள், சென்சார் கனெக்டர்கள் ஆகியவற்றை பாலித்தீன் பையால் மூடிவிட்டு, டீசலும் பிரஷ்ஷும் கொண்டு பழைய அழுக்கு முழுவதையும் கழுவுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டு டீசலை எடுத்து, உலரவிடுங்கள். சூடேறும் புகைக்குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் டீசல் ஈரம் துளியும் இருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

உலர்ந்ததும் சந்தேகப்படும் விளிம்புகளில் சாதாரண முகப் பவுடரைத் தூவி, 15 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியைப் பின்பக்கம் நீட்டிப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் பழுப்பு நிறமாக ஊறியிருக்கும் இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ, அதுதான் ஊற்று. மெதுவாகக் கசிந்தால் நிற்கும்போது தெரியாது. 30, 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

ஊற்று தெரிந்ததும் உடனே ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள், அழுத்தத்தைச் சோதியுங்கள். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அதை உறிஞ்சி, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அனுப்புவது பிசிவி என்ற சிறிய வால்வின் வேலை. அந்த வால்வோ அதன் ஹோஸோ கசடு பிடித்து அடைத்துக்கொண்டால், வாயு வெளியே போக வேறு வழி தேடும். அதற்குக் கிடைப்பது பேக்கிங்கும் ஆயில் சீலும்தான். எவ்வளவு நல்ல பேக்கிங் போட்டாலும் தாங்காது.

இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த ஓட்டையின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வையுங்கள். லேசாக இழுத்து ஒட்டிக்கொண்டால் சரி. காகிதத்தைத் தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டினால் பெரும்பாலான வகைகளில் உள்ளே டக் டக் என்று சத்தம் வரும், வராவிட்டால் மாற்றுங்கள். ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள், உள்ளே உப்பியிருந்தால் அதையும் மாற்றுங்கள். இவை எல்லாம் சுத்தமாக இருந்தும் மூடி வழியே புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது பேக்கிங் வேலைக்குக் காசு செலவழிக்கும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். டேப்பட் கவருக்குள்ளேயே பிசிவி வால்வாக டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு வைத்த இன்ஜின்களில், அது கிழிந்தால் விசில் சத்தத்தோடு மூடியைத் திறக்க முடியாத அளவுக்கு இழுக்கும். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தால் அதை முதலில் இறக்குங்கள்.

இனி கவரைக் கழற்றலாம். ஆறிய இன்ஜினில்தான். போல்ட்டுகளை வெளியிலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்ப வேண்டாம். அலுமினிய முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், ஆயிலுக்கு அது கால்வாய். ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும்.

பழைய ரப்பரை எடுத்ததும் விரலால் வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் போல ஒடிந்தால் சூட்டில் வெந்தது. போல்ட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர்களும் அதே வயதுதான். பலர் பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு இவற்றை விட்டுவிடுகிறார்கள். தோள் வைத்த போல்ட் ஒரு ஆழத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் கவரை அழுத்துவது இந்த வாஷர்தான். அது சுருங்கியிருந்தால், போல்ட் டைட்டாக இருப்பது போலத் தெரியும், ஆனால் பேக்கிங் மேல் அழுத்தமே இருக்காது. செட்டாக வாங்குங்கள்.

முகத்தைச் சுத்தம் செய்வதுதான் வேலையில் பாதி. வால்வு பக்கம் குப்பை விழாமல் துணி போட்டு மூடி, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் பழைய சிலிக்கான் பசையை எடுத்து, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகும்வரை துடையுங்கள். ஒர்க்ஷாப்பில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் நூல் விடும். ஒரு நூல் முகத்தில் கிடந்தாலும் கசிவுதான். கடைசித் துடைப்புக்கு நூல் விடாத துணி வேண்டும். எமரி டிஸ்க் போட்டுத் தேய்ப்பதை அடியோடு தவிர்க்கவும், அந்தப் பொடி ஆயிலோடு சேர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

தகரச் சேம்பராக இருந்தால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். விளிம்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். போல்ட் ஓட்டையைச் சுற்றிய தகரம் பேக்கிங் பக்கமாகப் புடைத்து, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். முன்பு கசிந்தபோது ஒருவர் முறுக்க, அடுத்தவர் அதற்கு மேல் முறுக்க, ஓட்டை மேடாகிவிட்டது. இனி முறுக்க முறுக்க மேடுதான் அழுந்தும், நடுவில் இடைவெளி அப்படியே இருக்கும். புடைத்த பக்கம் மேலே இருக்கும்படி விளிம்பைத் தட்டையான இரும்புக் கட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு ஓட்டையையும் சிறிய சுத்தியால் மெதுவாகத் தட்டி மட்டமாக்குங்கள். ஸ்கேலை மறுபடி வைத்துப் பாருங்கள். கால் மணி நேர வேலை. இதைச் செய்யாததால் எத்தனையோ பேக்கிங்குகள் வீணாகின்றன.

சிலிக்கான் பற்றி. அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங்கை உலர்வாகத்தான் போட வேண்டும். முழுவதும் சிலிக்கான் பூசினால் அது வழுக்கிப் பள்ளத்தைவிட்டு வெளியே வந்துவிடும். இன்ஜினின் முன்பக்க டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூட்டுகளிலும், அரைவட்ட மூலைகளிலும் மட்டும் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். பேக்கிங்கே இல்லாமல் சிலிக்கானால் மட்டும் ஒட்டும் சேம்பர்களில், 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கோடாக, ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, எங்கும் அறுபடாமல் இழுங்கள். 5 நிமிடத்துக்குள் சேம்பரை ஏற்றிவிட வேண்டும். மேலே தோல் கட்டிவிட்டால் ஒட்டாது. தாராளமாகப் பூசுவது ஆபத்து. உள்ளே பிதுங்கிய துண்டு அறுந்து ஆயில் பம்ப் வலையை அடைத்தால் இன்ஜினே போய்விடும். வினிகர் வாசம் வீசும் வீட்டுச் சிலிக்கான் வேண்டாம். சென்சார் பாதிக்காத, ஆயில் தாங்கும் இன்ஜின் சிலிக்கானைக் கேட்டு வாங்குங்கள்.

சேம்பர் வேலைக்கு வண்டியைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே வேண்டாம்.

முறுக்கும் அளவு: 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு வழக்கமாக 8 முதல் 11 நியூட்டன் மீட்டர், அதாவது சுமார் ஒரு கிலோகிராம்-மீட்டர் (kg-m) அளவுதான். உங்கள் இன்ஜின் மேனுவலில் வேறு இருந்தால் அதுவே சரி. எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, நடுவிலிருந்து வெளியே குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் சிறிய ராட்செட்டின் தலையைப் பிடித்து மணிக்கட்டு பலத்தில் மட்டும். கார்க் பேக்கிங் என்றால் 500 கிலோமீட்டருக்குப் பிறகு, ஆறிய இன்ஜினில், ஒரே ஒரு முறை சரிபார்க்கலாம். ஈரம் தெரியும்போதெல்லாம் முறுக்கினால் கார்க் பிதுங்கிக் கிழியும்.

பேக்கிங் மேல் பழி விழும் வேறு சில இடங்களும் உண்டு. ஆயில் பிரஷர் சுவிட்ச், வடிப்பு போல்ட்டின் பழைய வாஷர், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு அதன் மேல் புதிய ஃபில்டர் போட்டது, கேம் ஷாஃப்ட் முனையில் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பழைய வண்டிகளில் அதன் ஓ ரிங். கிராங்க் ஷாஃப்ட்டின் முன் சீல் கசிந்து டைமிங் பெல்ட் நனைந்திருந்தால் பெல்ட்டையும் மாற்றியே ஆக வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீல் என்று சொல்லி கியர்பாக்ஸை இறக்கும் முன், டேப்பட் கவரின் பின்மூலையை இன்னொரு முறை பவுடர் போட்டுப் பாருங்கள். கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்கள் ரப்பரைக் கொஞ்ச நாளைக்கு உப்ப வைக்கும், வளைந்த விளிம்பை நிமிர்த்தாது.

சிலிக்கான் பூசியிருந்தால் குறைந்தது 2 மணி நேரம் கழித்து ஆயில் ஊற்றி, டியூபில் போட்டிருக்கும் நேரம் முழுவதும் முடிந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் அது 24 மணி நேரம். அன்றிரவு இன்ஜினுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையைப் பார்த்துவிட்டு டிப்ஸ்டிக்கையும் பாருங்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு வாரம் ஒருமுறை இதையே செய்யுங்கள்.