ஹெர்க் சேனலின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது எப்படி

பேட்ச் கிளாம்ப் அறைக்கு, அதாவது நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லின் சவ்வில் ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் அறைக்கு, புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எனக்கு எப்போது சீல் வரும்?" என்றுதான். குழாய் நுனியும் சவ்வும் இடைவெளியின்றி இறுக ஒட்டுவதுதான் சீல். வந்துவிடும், கவலை வேண்டாம். கை பழகினால் தானாக வருகிற விஷயம் அது. நான் எதிர்பார்ப்பது வேறு. திரையில் கோடு மேலே ஏறினால், எந்த அயனி எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதனால் மைக்ரோஸ்கோப்பைத் தொடுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை மருந்துப் பாதுகாப்புச் சோதனை. ஒரு புது மருந்து மனிதர்களுக்குப் போகும் முன், அது இதயத்தில் உள்ள ஹெர்க் என்ற பொட்டாசியம் சேனலை, அதாவது செல்லின் சவ்வில் பொட்டாசியம் போய்வரும் புரதத் துளையை, அடைக்கிறதா என்று பார்க்கிறோம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயத் தசை செல்லின் மின்னழுத்தம் ஏறி, பிறகு இறங்க வேண்டும். இறங்குவதற்குப் பெரிய உதவி, ஹெர்க் வழியாக வெளியேறும் பொட்டாசியம். அது அடைபட்டால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகளில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் நேரம், நீளும். சிலருக்குத் துடிப்பே தாறுமாறாகி உயிர் போகும். ஒவ்வாமைக்கு ஊரெல்லாம் சாப்பிட்ட டெர்ஃபெனடின் மாத்திரை 1998இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது இதனால்தான். சாதாரணமாக அந்த மருந்தைக் கல்லீரல் உடனுக்குடன் உடைத்துவிடும். கூடவே கீட்டோகோனசோலோ எரித்ரோமைசினோ சாப்பிட்டால் உடைக்கிற நொதி தடைபட்டு, மருந்து அப்படியே ரத்தத்தில் தேங்கும், ஹெர்க்கை அடைக்கும். அது உடைந்து உண்டாகும் பொருளான ஃபெக்சோஃபெனடினுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்று அலெக்ரா என்ற பெயரில் நாம் வாங்குவது அதைத்தான். வயிற்றுக்குக் கொடுத்த சிசாப்ரைடும் இதே வழியில் போனது. இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2011இல்.

சரி, கணக்குக்கு வருவோம்.

செல்லுக்கு வெளியே வைக்கும் கரைசலில் பொட்டாசியம் 4 மில்லிமோலார். பிப்பெட் என்ற அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள், அதாவது செல்லுக்குள் போகப்போகும் கரைசலில், 130. செறிவு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பொட்டாசியம் போகப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு பொட்டாசியமும் ஒரு நேர்மின்சுமையோடு வெளியே போவதால் உள்ளே எதிர்மின்னழுத்தம் மிஞ்சி, அது பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் மின்னழுத்தத்தைக் கண்டுபிடிக்க நெர்ன்ஸ்ட் சமன்பாடு இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில், வெளிச்செறிவை உட்செறிவால் வகுத்து, 10 அடிமான மடக்கை எடுத்து, 59ஆல் பெருக்குங்கள். நான்கை 130ஆல் வகுத்தால் மடக்கை மைனஸ் 1.51. விடை சுமார் மைனஸ் 89 மில்லிவோல்ட். இந்த எண்ணைத் திரை ஓரத்தில் ஒட்டி வையுங்கள். செல்லை இதற்கு மேலான எந்த மின்னழுத்தத்தில் நிறுத்தினாலும் பொட்டாசியம் வெளியே போகும், கோடு மேலே ஏறும். கீழே போனால் உள்ளே வரும், கோடு இறங்கும். அவ்வளவுதான் திசைக் கணக்கு.

ஒரு சின்ன விஷயம். உட்கரைசலின் பிஎச்சை 7.2க்குக் கொண்டுவர நாம் சேர்ப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ இருக்கும் கரைசல் அதை நிறையவே குடிக்கும். அந்தப் பொட்டாசியத்தையும் கணக்கில் சேர்த்தால் மைனஸ் 89 இன்னும் இரண்டு மூன்று மில்லிவோல்ட் கீழே போகும். பாட்டில் லேபிளில் 130 என்று மட்டும் எழுதிவைப்பவர்களோடு எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு.

கரைசல்கள் இவை. வெளியே: சோடியம் குளோரைடு 137, பொட்டாசியம் குளோரைடு 4, கால்சியம் குளோரைடு 1.8, மெக்னீசியம் குளோரைடு 1, குளுக்கோஸ் 10, பிஎச்சை நிலையாக வைக்கும் ஹெப்பிஸ் 10, பிஎச் 7.4. உள்ளே: பொட்டாசியம் குளோரைடு 130, மெக்னீசியம் குளோரைடு 1, ஈஜிடிஏ 5, ஹெப்பிஸ் 10, மெக்னீசியம் ஏடிபி 5. எல்லாம் மில்லிமோலாரில். ஏடிபியைக் கடைசியில் சேருங்கள், ஐஸில் வையுங்கள். பிப்பெட்டில் நிரப்பும்போது 0.2 மைக்ரான் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு தூசு போதும், நுனி அடைத்துக்கொள்ளும்.

எல்லாருக்கும் வரும் சந்தேகம்: சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியதாயிற்றே, அது ஏன் இந்தத் துளையில் நுழைவதில்லை? தண்ணீரில் எந்த அயனியும் தனியாக இருக்காது, நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். சேனலின் குறுகிய பகுதியில் நுழைய அந்த நீரை உதற வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள், நீர் இருந்த அதே தூரத்தில் பொட்டாசியத்தை ஏந்திக்கொள்கின்றன. சோடியம் அந்த இடைவெளிக்குப் பொருந்தாமல் நடுவில் தொங்கும். நீரை விட்டுவர அதற்கு லாபமில்லை. ராடெரிக் மெக்கினன் 1998இல் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் சேனலைப் படிகமாக்கி இதைக் காட்டினார், 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் வேலைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிப்பெட்டும் சீலும்

போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயை புல்லரில் இழுத்து, நுனியைச் சூட்டில் மெருகேற்றுங்கள். உட்கரைசலை நிரப்பி வெளிக்கரைசலில் வைத்தால் 2 முதல் 4 மெகாஓம் தடை வர வேண்டும். அன்றன்றைக்கு இழுத்த பிப்பெட்டை அன்றைக்கே பயன்படுத்துங்கள். நேற்றைய பிப்பெட் நன்றாகத்தான் தெரியும், ஆனால் நுனியில் தூசு படிந்திருக்கும், சீல் வராது. பிப்பெட்டுக்குள் போகும் வெள்ளிக் கம்பி பளபளத்தால் அதைச் சாதாரண பிளீச்சில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கருஞ்சாம்பல் நிறம் வந்ததும் கழுவி மாட்டுங்கள். குளோரைடு பூச்சு போன கம்பியில் பூஜ்யம் ஒரு இடத்தில் நிற்காது.

செல் ஹெக் 293, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் சிறுநீரகச் செல்; மனித ஹெர்க் மரபணுவை நிரந்தரமாகப் புகுத்திய வகை. கூட்டமாக ஒட்டியிருக்கும் செல்லை எடுக்காதீர்கள். பக்கத்துச் செல்லோடு மின்தொடர்பு இருந்தால் பதிவு கெடும். தனியாக, ஓரம் பளிச்சென்று, உள்ளே குமிழ் இல்லாத செல்லைத் தேடுங்கள்.

பிப்பெட் தண்ணீரில் இறங்கும்போதே பின்னாலிருந்து லேசாக ஊதிய அழுத்தம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேற்பரப்பின் அழுக்கு நுனியில் ஒட்டும். ஆம்ப்ளிஃபையரில் 5 மில்லிவோல்ட் சோதனைத் துடிப்பை ஓடவிடுங்கள். 3 மெகாஓம் பிப்பெட்டில் இது சுமார் 1.7 நானோஆம்பியர் உயரமுள்ள சதுரமாகத் தெரியும். ஓம் விதிதான், வேறொன்றுமில்லை. செல்லைத் தொடும் முன்பே இருக்கும் மின்னழுத்த வித்தியாசத்தை, அதாவது ஆஃப்செட்டை, பூஜ்யமாக்குங்கள். செல்லை நெருங்க நெருங்கச் சதுரத்தைப் பாருங்கள், செல்லை அல்ல. நுனி சவ்வைத் தொட்டதும் சதுரம் கொஞ்சம் குட்டையாகும், செல்லின் மேல் ஒரு குழி விழும். அங்கேயே நிறுத்தி அழுத்தத்தை விடுங்கள். பல நேரம் அதிலேயே பாதி சீல் வந்துவிடும். மிச்சத்துக்கு மெதுவாக உறிஞ்சுங்கள், மின்னழுத்தத்தை மைனஸ் 80க்குக் கொண்டுபோங்கள். சதுரம் சரசரவென்று படுத்துத் தட்டையாகும். தடை இப்போது ஜிகாஓமில். 1976இல் எர்வின் நேஹரும் பெர்ட் சக்மனும் தவளைத் தசையில் முதன்முதல் ஒற்றைச் சேனலைப் பதிவு செய்தபோது இப்படி இறுக்கமான சீல் இல்லை; இரைச்சலுக்கு நடுவேதான் அதைப் பிடித்தார்கள். மெல்ல உறிஞ்சினால் ஜிகாஓம் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. 1991இல் இருவருக்கும் நோபல்.

உறிஞ்சுவதற்கு வாய்தான் என் விருப்பம், நாக்கின் நுனியில் இருக்கும் நுணுக்கம் சிரிஞ்சுக்கு வராது. உங்கள் ஆய்வகப் பாதுகாப்பு விதி கூடாது என்றால் ஒரு மில்லி சிரிஞ்ச், வேறு வழியில்லை.

திரையில் நூலிழையாக 50 ஹெர்ட்ஸ் அலை ஓடினால் மேசைக்குப் பக்கத்தில் யாரோ மொபைல் சார்ஜர் செருகியிருக்கிறார்கள். முதலில் அதைத் தேடுங்கள், அப்புறம் கிரவுண்ட் வயரைக் குறை சொல்லலாம்.

ஜிகாஓம் நிலைத்ததும் பிப்பெட்டின் வேகமான மின்தேக்கத்தை ஈடுசெய்துவிட்டு, வெடுக்கென்று ஒரு சிறு உறிஞ்சல். நுனிக்குள் இருக்கும் சவ்வு கிழியும். சோதனைத் துடிப்பின் இரண்டு ஓரத்திலும் ஊசிபோல் கூர்முனைகள் முளைத்தால் செல்லுக்குள் நுழைந்துவிட்டீர்கள் என்று பொருள். இனி ஆம்ப்ளிஃபையர் செல்லை நீங்கள் சொன்ன மின்னழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கும். சேனல் வழியாக எவ்வளவு மின்சுமை ஓடுகிறதோ அதை ஈடுகட்ட அவ்வளவையும் அது செலுத்தும். திரையில் தெரிவது அந்த ஈடுதான்.

தொடர்தடையை, அதாவது பிப்பெட் நுனி வழியாகச் செல்லுக்குள் போகும் பாதையின் தடையை, எழுதாமல் மேலே போகாதீர்கள். நுனியில் 6 மெகாஓம் இருந்து 2 நானோஆம்பியர் ஓடினால் 12 மில்லிவோல்ட் அங்கேயே விழும். செல் நீங்கள் நினைக்கும் மின்னழுத்தத்தில் இல்லவே இல்லை. 80 சதவீதம் ஈடுசெய்தால் பிழை இரண்டரைக்குள் வரும். ஈடுசெய்யும் முன்பே 10 மெகாஓமுக்கு மேல் இருந்தால், செல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது என் பழக்கம்.

வால் மின்னோட்டம்

இப்போதுதான் ஹெர்க் தன் குணத்தைக் காட்டும். செல்லை மைனஸ் 80இல் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் 20க்கு 2 விநாடி ஏற்றுங்கள். பிறகு மைனஸ் 50க்கு இறக்கி 2 விநாடி. அப்புறம் மைனஸ் 80. இதை 15 விநாடிக்கு ஒருமுறை திரும்பச் செய்யும்படி மென்பொருளில் போடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளஸ் 20இல் பொட்டாசியத்தை வெளியே தள்ளும் விசை 20க்கும் மைனஸ் 89க்கும் உள்ள வித்தியாசம்: 109 மில்லிவோல்ட். மைனஸ் 50இல் வெறும் 39. விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, மின்னோட்டமும் அதே அளவு குறைய வேண்டும். ஆனால் திரையில் நடப்பது தலைகீழ். பிளஸ் 20இல் கோடு அடக்கமாக இருக்கும். மைனஸ் 50க்கு இறக்கிய அடுத்த சில மில்லிவிநாடியில் விருட்டென்று ஏறி, கொக்கிபோல் வளைந்து, மெதுவாகத் தேயும். இதைத்தான் வால் மின்னோட்டம் என்கிறோம். விசை குறைந்தும் மின்னோட்டம் கூடினால் ஒரே அர்த்தம்தான்: திறந்திருக்கும் சேனல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

ஏன் என்றால், ஹெர்க்குக்கு இரண்டு அடைப்புகள். மரக்கதவும் அதற்கு வெளியே கிரில் கதவும் உள்ள வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் ஏறும்போது மரக்கதவு சாவகாசமாகத் திறக்கும். ஆனால் கிரில் உடனே சாத்திக்கொள்ளும். பிளஸ் 20இல் பெரும்பாலான சேனல்கள் இப்படித்தான், மரக்கதவு திறந்து, கிரில் மூடி. மின்னழுத்தத்தை இறக்கினால் கிரில் சில மில்லிவிநாடியில் திறந்துவிடும், மரக்கதவோ மூட நூற்றுக்கணக்கான மில்லிவிநாடி எடுக்கும். நடுவில் இரண்டும் திறந்திருக்கும் அந்த நேரம்தான் கொக்கி. கிரில் என்று நான் சொன்னது பொட்டாசியத்தைத் தேர்ந்தெடுக்கும் அதே குறுகிய பகுதியில் நடக்கும் மாற்றம். மரக்கதவு உட்புறம் இருக்கிறது.

இதயத்துக்கு இந்த ஏற்பாடு கச்சிதம். துடிப்பின் உச்சத்தில் பொட்டாசியம் வீணாகாது, இறங்கத் தொடங்கும்போது வெள்ளமாக வெளியேறி இறக்கத்தை வேகப்படுத்தும்.

வால் உச்சியில் 1 நானோஆம்பியர் வந்தால், விநாடிக்கு 620 கோடி பொட்டாசியம் அயனிகள் ஒரே செல்லிலிருந்து வெளியே போகின்றன. புதிதாக வருகிறவர்களிடம் இந்தப் பெருக்கலை ஒருமுறையாவது கையால் போடச் சொல்வேன்.

கொக்கி வராமல், பிளஸ் 20இல் மட்டும் உயரமாக ஏறி, இறக்கியதும் சட்டென்று படுத்துவிட்டால் நீங்கள் பார்ப்பது ஹெர்க் அல்ல. ஹெக் செல்லுக்குச் சொந்தமான வேறு பொட்டாசியம் சேனலாக இருக்கலாம், அல்லது சீல் கசிகிறது. கசிவா என்று பார்க்க, மைனஸ் 80இல் கோடு பூஜ்யத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று பாருங்கள்.

மருந்து விடும் கட்டம்

வால் உயரம் நான்கைந்து நிமிடம் ஆடாமல் இருந்த பிறகுதான் மருந்து. சில செல்களில் மருந்து இல்லாமலே மின்னோட்டம் தேய்ந்துகொண்டு வரும். அந்தத் தேய்மானத்தை மருந்தின் கணக்கில் எழுதினால் அப்பாவி மருந்துக்குக் கெட்ட பெயர். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓவை அதே அளவில், வழக்கமாக 0.1 சதவீதம், மருந்தில்லாத கரைசலிலும் சேர்த்திருக்க வேண்டும். குறைந்த செறிவில் தொடங்கி, வால் புது உயரத்தில் நிலைத்த பிறகே அடுத்த செறிவு. மருந்துகளில் பல, மரக்கதவு திறந்திருக்கும்போதுதான் உட்புறமிருந்து துளைக்குள் ஏறி உட்காரும். அதனால் மின்னழுத்தத் துடிப்புகளை நிறுத்திவிட்டு மருந்தை மட்டும் ஓடவிட்டால் அடைப்பு தெரியாமல் போகலாம்.

வெப்பநிலையை 35 முதல் 37 டிகிரிக்குள் வையுங்கள். இந்த வகை மருந்துச் சோதனைக்கு 2022இல் வந்த சர்வதேச விளக்கக் குறிப்பும் அதைத்தான் கேட்கிறது. அப்போது நெர்ன்ஸ்ட் கணக்கில் 59க்குப் பதில் 61.5 போட்டு, ஒட்டி வைத்த எண்ணை மாற்றுங்கள்.

கடைசியில் ஈ-4031 என்ற தடுப்பானை, 500 நானோமோலார் அளவில், விடுங்கள். ஹெர்க் முழுக்க அடங்கும். மிஞ்சுவது எதுவோ அது ஹெர்க் இல்லை. எல்லாப் பதிவிலிருந்தும் அதைக் கழித்த பிறகுதான் சதவீதம் போட வேண்டும்.

டெர்ஃபெனடின் மாதிரி கொழுப்பில் கரையும் மருந்துகள் பிளாஸ்டிக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். பாட்டிலில் 100 நானோமோலார் இருக்கும், செல்லுக்கு அதில் பாதி வந்தாலே அதிகம். கண்ணாடிப் பாத்திரம், முடிந்தவரை குட்டைக் குழாய். சோதனை முடிந்ததும் செல் இருக்கும் கிண்ணத்திலிருந்தே கொஞ்சம் கரைசல் எடுத்து, செறிவை அளக்க அனுப்புங்கள். குழாயை எத்தனாலில் அலசாமல் அடுத்த மருந்தை ஏற்றாதீர்கள்.