ரெஸ்யூமில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நகர்த்தாதீர்கள்

பி.காம் முடித்து அக்கவுண்ட்ஸ் வேலைக்கு முதல் ரெஸ்யூம் போடுகிறவர்கள் பலர் நண்பனின் ஃபைலை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அதிலுள்ள கோளாறுகளும் கூடவே வந்துவிடும். வேர்டில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து புதிதாகவே அடியுங்கள்.

முதல் வேலை, லேஅவுட் மெனுவில் சைஸைப் பார்ப்பது. சில கணினிகளில் அது லெட்டர் என்று இருக்கும். அதன் உயரம் 27.94 செ.மீ.; நம் பிரிண்டர்களில் இருக்கும் ஏ4 தாளோ 29.7 செ.மீ. ஏ4 ஆக்கி, நான்கு பக்கமும் 2 செ.மீ. மார்ஜின் விடுங்கள். ஃபான்ட் ஒன்றே ஒன்று போதும்: கேலிப்ரி 11. பெயர் 18, பிரிவுத் தலைப்புகள் 13 போல்டு.

ரெஸ்யூம் அதிகமாகக் கெடும் இடம் தேதி வரிசைதான். இடப்பக்கம் கல்லூரிப் பெயர், வலப்பக்கம் ‘2021 – 2024’. இந்த ஆண்டை வலது ஓரத்துக்குத் தள்ள ஸ்பேஸ் பாரை முப்பது தடவை தட்டுகிறார்கள். உங்கள் திரையில் நேராகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் வேறு என்பதால், ஃபான்ட் சற்று மாறினாலே ஒரு வரி உள்ளே போகும், இன்னொன்று அடுத்த வரிக்கு மடங்கும். ஹோம் மெனுவில் ¶ பட்டனை அழுத்திப் பாருங்கள். வரி நடுவே புள்ளி புள்ளியாக ஓடினால் அத்தனையும் ஸ்பேஸ்.

அந்த ஸ்பேஸ் எல்லாவற்றையும் அழியுங்கள். அந்த வரிகளை செலக்ட் செய்து, பாராகிராஃப் பெட்டியைத் திறந்து, கீழே இருக்கும் டேப்ஸுக்குள் போங்கள். 17 செ.மீ. என்று கொடுத்து, ரைட் தேர்ந்தெடுத்து, செட், ஓகே. (21 செ.மீ. அகலத்தில் இரண்டு மார்ஜினும் போக மிஞ்சுவது 17.) இனி கல்லூரிப் பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே டேப் ஒரே ஒரு தடவை. எல்லா ஆண்டுகளும் ஒரே கோட்டில் போய் நிற்கும்.

இடைவெளிக்கு என்டரை அடுக்குவதும் இதே தவறுதான். தலைப்புக்கு முன் 12 பாயின்ட், பின் 4 பாயின்ட் என்று பாராகிராஃப் பெட்டியிலேயே வையுங்கள்.

மேலே பெயர், போன், இமெயில், ஊர். பிறகு படிப்பு, பயிற்சி, தெரிந்த சாஃப்ட்வேர். அப்பா பெயர், மதம், ஆதார் எண் வேண்டாம். தனியார் வேலைக்கு, கேட்டாலொழிய, இடம், தேதி, கையெழுத்தோடு முடியும் உறுதிமொழியும் வேண்டாம். அந்த ஐந்து வரி இடம் பயிற்சி விவரத்துக்குப் போகட்டும். அங்கே ‘அக்கவுண்ட்ஸ் பார்த்தேன்’ என்பது எதையும் சொல்லாது. ‘டேலியில் மாதம் சுமார் 200 விற்பனை பில் பதிவு, ஜிஎஸ்டிஆர்-1க்கான பட்டியல் தயாரிப்பு’ என்றால் கணக்கு மேலாளருக்குச் சட்டென்று புரியும். எண் உங்களுடைய உண்மையான எண்ணாக இருக்கட்டும். இன்டர்வியூவில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

முடித்ததும் வேர்டிலிருந்தே பிடிஎஃப் ஆக சேவ் செய்யுங்கள். வேர்டு ஃபைலாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அந்த ஃபான்ட் இல்லாத போனில் ஒரு பக்கம் இரண்டாகிவிடலாம். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்து அனுப்புவது அதைவிட மோசம். அது வெறும் படம். விண்ணப்பங்களை வடிகட்டும் சாஃப்ட்வேர் பலவற்றால் அதிலிருந்து எழுத்தைப் படிக்க முடியாது.

அனுப்பும் முன் பிடிஎஃப்பைத் திறந்து, கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி அடித்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் அது படம். படிப்பும் சாஃப்ட்வேர் பெயர்களும் ஒரே வரியில் கலந்து வந்தால் காரணம் பக்கத்தை இடம் வலமாக இரண்டாகப் பிரிக்கும் டெம்ப்ளேட், பிரிக்காமல் ஒன்றாக்குங்கள். போன் எண்ணைப் பக்கத்தின் மேல் ஓரத்திலிருக்கும் ஹெடர் பகுதியில் அடித்திருந்தால் பக்கத்துக்குள் இறக்குங்கள், சில சாஃப்ட்வேர்கள் ஹெடரைப் படிக்காமல் தாண்டிவிடும். எல்லாம் மேலிருந்து கீழாக ஒழுங்காக வந்தால், ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்து அனுப்புங்கள். ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 2’ என்ற பெயரை ஹெச்ஆர் தன் ஃபோல்டரில் எப்படித் தேடுவார்?