பழைய வீட்டுல வேலை பாக்கும்போது தோட்டத்துப் பறவைங்களை விரட்டிடாதீங்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் நம்ம தமிழ் ஆளுங்க பழைய வீட்டுல வேலை ஆரம்பிக்கிற மாசமே தப்பு, மத்த தப்பெல்லாம் அங்கேருந்துதான் வருது. தீபாவளிக்குள்ள பெயிண்ட் அடிச்சிடணும், டிசம்பர் நடுவுல பில்டருங்க லீவுல போயிடுவாங்க, அதுக்குள்ள முடியணும்னு கணக்குப் போட்டு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல கூரையைப் பிரிப்பாங்க. இங்க அது வசந்த காலம். தூக்கணாங்குருவி கூடு கட்டுறதும் தகைவிலான் வராண்டாவுக்குத் திரும்பி வர்றதும் அப்பத்தான், போதாக்குறைக்கு மழையும் தொடங்கிடும். மே, ஜூன், ஜூலை இங்க குளிர்காலம், மழை கம்மி, பெரும்பாலான பறவைங்களுக்கு கூட்டுல குஞ்சு இருக்காது. கூரை, தண்ணி வடியற கட்டர், வெளிச்சுவர், மரக்கிளை வெட்டுறது இதெல்லாத்தையும் அந்த மூணு மாசத்துல முடிச்சிட்டு, கிச்சன் பாத்ரூம்னு உள்வேலையை மழைக்காலத்துக்குத் தள்ளுங்க. தீபாவளிக்கு வீடு முடிஞ்சிருக்காதுதான், சொந்தக்காரங்க நாலு பேர் கேப்பாங்க, கேட்டுட்டுப் போகட்டும்.

குளிர்காலத்துல வேலை நடக்கணும்னா பேப்பர் வேலையைக் கோடையிலயே ஆரம்பிக்கணும். 60 வருஷத்துக்கு மேல ஆன கட்டடத்தை மாத்தவோ இடிக்கவோ பர்மிட் வேணும்னு 1999-ம் வருஷத்து பாரம்பரியச் சட்டம் சொல்லுது, நம்ம குவாசூலு-நட்டால் மாகாணத்துல அதைப் பாக்குறது அமாஃபாங்கிற பாரம்பரிய அமைப்பு. 60 வருஷம்னா ஏதோ வெள்ளைக்காரன் காலத்து மரமும் தகரமும் வச்ச பங்களாதான்னு நினைக்காதீங்க, டர்பன் புறநகர் சாட்ஸ்வர்த்ல 1960-கள்ல கட்டின வீடுங்களே இப்ப அந்த வயசைத் தொட்டுருச்சு. கூரை அஸ்பெஸ்டாஸா இருந்தா அது தனிக் கதை, 2020-ல வந்த விதிப்படி அதைக் கழட்டப் பதிவு பண்ணின கான்ட்ராக்டர் வேணும். தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், பக்கி வண்டில ஏத்திட்டுப் போயிடுவான்னு சொல்றதைக் கேக்காதீங்க. ஹை-பிரஷர் போட்டுக் கழுவுறது அதைவிட மோசம், அந்தத் தூசி உங்க நெஞ்சுக்கும் போகும், பறவை குளிக்கிற தண்ணிக்கும் போகும். பழைய பெயிண்டைச் சுரண்டும்போதும் கீழ ஷீட் விரிச்சிடுங்க, அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கும், மண்ணைக் கொத்துற பறவைக்கு அது கல்லா விஷமான்னு தெரியாது.

வராண்டா சீலிங்ல மண்ணால கிண்ணம் மாதிரி, பக்கத்துல குழாய் வச்ச கூடு இருந்தா அது கோடு போட்ட சின்னத் தகைவிலானோடது. பழைய கூட்டுக்கே திரும்பி வர்ற பறவை அது. எச்சம் விழுதுன்னு பெயிண்டர் மொத வேலையா அதைத்தான் தட்டி விடுவார், அவரை முன்னாடியே சொல்லி நிறுத்துங்க. கூட்டுக்குக் கீழ ஒரு பலகையை அடிச்சு விட்டா எச்சப் பிரச்சனை முடிஞ்சது. தூக்கணாங்குருவி கூடு கீழ கிழிஞ்சு கிடந்தா உடனே பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டாதீங்க, பொண்ணுக்குப் பிடிக்கலேன்னா ஆண் குருவியே கட்டினதைப் பிச்சுப் போட்டுட்டு மறுபடி கட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாடு எங்கேயும் அதேதான்.

பெரிய நஷ்டம் கண்ணுக்கே தெரியாம நடக்கும், அது மரத்தடியில. லாரி வந்து மணல், ஜல்லி, செங்கல் எல்லாத்தையும் எங்க கொட்டும்? நிழல் இருக்கிற இடத்துல, அதாவது பழைய மாமரத்துக்கோ உம்டோனி மரத்துக்கோ அடியில. அந்த கனத்துல மண்ணு இறுகி வேருக்குக் காத்தும் தண்ணியும் போகாது. மரம் உடனே சாகாது, வேலை முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் ஒண்ணு ரெண்டு வருஷத்துல மேல் கிளைங்க காய ஆரம்பிக்கும், அப்ப யாரும் பில்டரை நினைக்க மாட்டாங்க, ஏதோ பூச்சின்னு மருந்து அடிப்பாங்க. கிளை எவ்வளவு தூரம் விரிஞ்சிருக்கோ அவ்வளவு தூரத்துக்குக் கயிறு கட்டி, இதுக்குள்ள எதுவும் வைக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொல்லுங்க. சிமெண்ட் கலக்கின வாளியைக் கழுவின தண்ணியும் அங்க வேண்டாம், அதுல காரம் அதிகம், மண்புழு தங்காது. மண்புழு இல்லாத புல்வெளிக்கு ஹடீடாங்கிற அரிவாள்மூக்கன் வராது. அது விடியக்காலையில போடுற சத்தத்துக்கு வராம இருந்தாலே நல்லதுன்னு சில பேர் சொல்லலாம், சரி.

புதுசா வீடு வாங்கினவங்க பண்ற இன்னொரு தப்பு, காடா கிடக்குன்னு ஒரே நாள்ல தோட்டத்தை மொட்டை அடிக்கிறது. சிலதை எடுக்கணும்ங்கிறது உண்மைதான்: உண்ணிச்செடி, இங்க்பெரி, பக்வீட் எல்லாம் வெளியிலிருந்து வந்து பரவுற செடிங்க, அரசாங்க விதிகள்படி பட்டியல்ல இருக்கு, அந்த மாதிரி செடி இருந்தா வீட்டை விக்கிறவரே வாங்குறவருக்கு எழுத்துல சொல்லணும். ஆனா நம்ம வீடுங்க பாதி மேட்டுச் சரிவுல இருக்கு, மொத்தமா பிடுங்கினா மண்ணைப் பிடிக்க ஒண்ணும் இருக்காது, 2022 ஏப்ரல் வெள்ளத்துல சரிவெல்லாம் எப்படி இறங்குச்சுன்னு பாத்தோமே. கொஞ்சம் எடுங்க, அந்த இடத்துல உள்ளூர்ச் செடி வைங்க, அது வேர் பிடிச்சதும் அடுத்த பகுதி. பறவைங்களுக்கும் ஒளிய இடம் மிஞ்சும். சிரிங்கா மரமும் பட்டியல்ல இருக்கு, ஆனா வேப்பிலை கிடைக்காத இந்த ஊர்ல கூழ் ஊத்துறப்ப அந்த இலையைத்தானே பறிக்கிறோம்னு வீட்டுல பெரியவங்க விட மாட்டாங்க. அதுக்கு மூணு வீட்டோட சண்டை போடணும், நான் இதுல தலையிடல.

என்ன வைக்கலாம்னா, தேன்சிட்டுக்குக் கத்தாழையும் வைல்ட் டக்காவும், இந்த ஊர் கோரல் ட்ரீயும். கோரல் ட்ரீ நம்ம கல்யாண முருங்கைக்குச் சொந்தம், குளிர்காலக் கடைசியில சிவப்பா பூக்கும். உம்டோனி நாவலுக்குச் சொந்தம், பழத்துக்குப் புல்புல்லும் லூரிப் பறவையும் வரும். காட்டு வாழையை வீட்டை ஒட்டி வைக்காதீங்க, அதோட வேரு சுவரையும் பைப்பையும் பதம் பாத்துடும்.

பழைய தரையைப் பேத்தா எலி கிளம்பும், உடனே எலி மருந்து வாங்கி மூலைக்கு மூலை வைப்பாங்க. மருந்து தின்ன எலி உடனே சாகாது, தள்ளாடிக்கிட்டு வெளிய ஓடும், ஆந்தைக்கு அதுதான் சுலபமான சாப்பாடு, விஷமும் சேர்ந்தே உள்ள போகும். ஆந்தை அலறினா வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்ற பாட்டிங்க இன்னும் இருக்காங்க, ஆனா எலியைப் பிடிக்க அதைவிட நல்ல ஆள் கிடையாது. கூண்டுப் பொறி வைங்க, ஓட்டையைச் சிமெண்ட்டும் கம்பி வலையும் வச்சு அடைங்க. அடைக்கிறதுக்கு முன்னாடி கூரைக்குள்ள கூகை இருக்கான்னு பாருங்க, அதுக்கு முட்டை வைக்க சீசன் கணக்கு இல்ல. குஞ்சு இருந்தா காத்திருங்க, இல்ல டர்பன் யெல்லோவுட் பார்க்ல இருக்கிற க்ரோங்கிற காட்டுயிர் மறுவாழ்வு மையத்தைக் கேளுங்க.

சின்னக் கட்டம் போட்ட மர ஜன்னலை எடுத்துட்டுப் பெரிய அலுமினியக் கண்ணாடிக் கதவு போடுறது இப்ப ஃபேஷன். கண்ணாடியில மரம் தெரியும், பறவை நேரா வந்து மோதும். ஒரே ஒரு கழுகு ஸ்டிக்கரால பிரயோஜனம் இல்ல, வெளிப்பக்கம் முழுக்க 5 சென்டிமீட்டர் இடைவெளியில புள்ளி வைக்கணும்.

தட்டுல சாதம், பிரெட்டுன்னு தினம் கொட்டாதீங்க, பறவைக்கு முன்னாடி குரங்கு வரும், அது வந்தா புதுக் கிச்சனுக்குள்ளயும் வரும். தண்ணி போதும், ஆழமில்லாத தட்டுல, தினம் மாத்தி.

கூடு வைக்கப் பெட்டி வாங்குறவங்க பெரிய ஓட்டை போட்ட பெட்டியை வாங்கி மாட்டுறாங்க, அதுல மைனாதான் குடி வரும். 1902 வாக்குல டர்பன்ல கூண்டிலிருந்து தப்பிச்ச பறவைங்களோட வம்சம், நம்ம தாத்தா பாட்டி மாதிரியே இந்தியாவுலேருந்து வந்தது, இப்ப பொந்து எங்க இருந்தாலும் உள்ளூர்ப் பறவையைத் தள்ளிட்டு உக்காந்துக்குது. சிசல்ங்கிற நார்க் கத்தாழைத் தண்டுல விரல் நுழையற அளவு மட்டும் குழி போட்டுக் கிளையில கட்டி விடுங்க, கழுத்துல கறுப்புப் பட்டை போட்ட குக்குறுவான் வந்து தனக்கு வேணுங்கிற அளவு தானே குடைஞ்சுக்கும்.