உடல் பருமனுக்கு ஊசி: அளவைப் படிப்படியாக ஏற்றும் முறை

பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர்கள் செமாகுளுடைடு போன்ற எடை குறைப்பு மருந்தைப் பற்றி யோசிப்பார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சடைப்பு போன்றவை சேர்ந்திருந்தால் 27 போதும். ஆசியர்களுக்கு இந்த வரம்பைப் பலரும் இன்னும் குறைத்தே வைக்கிறார்கள்.

மருந்து எழுதும் முன் சில கேள்விகளை மருத்துவர் கேட்டே ஆக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்ததா? கணைய அழற்சி வந்ததுண்டா? குழந்தைப்பேறு திட்டம் உண்டா? செமாகுளுடைடைக் கருத்தரிக்கும் முயற்சிக்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இன்சுலினோ, கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் அதை மறைக்கவே கூடாது. அந்த மருந்தின் அளவைக் குறைக்காமல் ஊசியைச் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

செமாகுளுடைடு வாரம் ஒருமுறை ஊசி. முதல் 4 வாரம் 0.25 மி.கி.; பிறகு நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7, கடைசியில் 2.4. முதல் மாத அளவு எடை குறைப்பதற்கானதே அல்ல, வயிற்றைப் பழக்குவதற்கு. இந்த மருந்து பசியைத் தணிப்பதோடு, உணவு இரைப்பையை விட்டு இறங்குவதையும் மெதுவாக்கும். "எடை இறங்கவில்லையே" என்று ஒரு படியைத் தாண்டினால் வாந்தியில்தான் முடியும். குமட்டல் அடங்காவிட்டால் அதே அளவில் இன்னும் 4 வாரம் இருக்கலாம். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை.

வயிறு, தொடை, மேல்கை ஆகிய இடங்களில் தோலுக்கடியில், வாராவாரம் இடம் மாற்றிப் போட வேண்டும். அளவைத் திருகி வைக்கும் ஊசிப் பேனா என்றால், எண் 0-க்கு வந்த பிறகும் பொத்தானை அழுத்தியபடி மெதுவாக 6 வரை எண்ணிவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு உருவினால் மருந்து தோல்மேல் வழியும். உறைந்துபோன பேனாவைத் தூக்கி எறியுங்கள்.

பாதி வயிறு நிறைந்ததும் நிறுத்துங்கள்; எண்ணெய்ப் பலகாரம்தான் குமட்டலை அதிகம் கிளப்பும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், வாந்தியும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். புரதமும் எடைப் பயிற்சியும் இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் விடாத வலி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கணைய அழற்சியாக இருக்கலாம். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருத்துவரிடம் ஊசி பற்றி முன்கூட்டியே சொல்லுங்கள்.

2 அல்லது அதற்கு மேற்பட்ட வாரங்கள் விட்டுப்போனால் பழைய அளவையே எடுத்துப் போடாதீர்கள். கீழிருந்து தொடங்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். முழு அளவில் 3 மாதம் போட்டும் 5% எடைகூடக் குறையாவிட்டால் மருந்தை மாற்றுவது பற்றிப் பேசுங்கள். குறைந்தவர்களும் தாமாக நிறுத்த வேண்டாம்: ஆய்வொன்றில் நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது.