குளிர்காலத் தூண்டில் பயணமா? விடியற்காலையில் கிளம்பாதீர்கள்

கைடு ஒருவரை அமர்த்திக்கொண்டு கரையோரக் கடலிலும் உப்பங்கழியிலும் மீன் பிடிக்கப் போகிறவர்கள், கோடைப் பழக்கத்தில் விடியற்காலை நேரத்தையே கேட்டு வாங்குவார்கள். குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வீண். மீனின் உடல்சூடு தண்ணீரோடு ஏறி இறங்கும். தண்ணீர் சில்லிட்டால் பசியும் மந்தம், ஓட்டமும் மந்தம். அதனால் 10 மணிக்கு மேல் கிளம்பி, மதியம் தாண்டியும் கடலில் இருக்கிற மாதிரிக் கேளுங்கள்.

காலையில் மீன்கள் ஆழமான பள்ளங்களில் கும்பலாக ஒதுங்கியிருக்கும். ஒன்று கடித்ததா, உடனே இடத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அங்கேயே இன்னும் சில நிற்கும். கருஞ்சேறு படிந்த ஆழமில்லாத இடங்கள் வெயிலைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், மதியத்துக்கு மேல் அங்கே போகலாம்.

செயற்கை இரை என்றால் மெதுவாக இழுங்கள். அப்புறம் இன்னும் மெதுவாக. தரையைத் தொடவிட்டு, நாலைந்து எண்ணி, லேசாக ஒரு சுண்டு. வெடுக்கென்று இழுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். தூண்டில் நரம்பு சும்மா கனத்த மாதிரி இருக்கும், பல நேரம் அதுதான் கடி. நான் பாசி என்று நினைத்துக் கோட்டைவிட்டது கொஞ்சநஞ்சமல்ல.

பருத்தி உடை நனைந்தால் லேசில் காயாது. கம்பளி போட்டு, மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். சரி, முன்பணம் கட்டும் முன் ஒன்று: காற்று பலமாக இருந்தால் தேதி மாற்றித் தருவாரா என்று கைடிடம் கேட்டுவிடுங்கள்.