சர்வேயரைக் கூப்பிடும் முன் பழைய சான்றிதழைக் கேளுங்கள்

ஹூஸ்டனில் பிரேஸ் பேயு என்ற ஓடை அருகே நாங்கள் வாங்கிய வீடு, அரசு வரைபடத்தில் வெள்ள அபாயம் அதிகம் என்று குறித்த ஏஇ மண்டலத்தில் இருந்தது. கடன் தந்த வங்கி வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்றதும், அவசர அவசரமாக சர்வேயருக்குப் பணம் கட்டி, வீட்டின் தளமும் தரையும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று காட்டும் எலிவேஷன் சர்ட்டிஃபிகேட் எடுத்தோம். வீடு கட்டியபோதே எடுத்த சான்றிதழ் உள்ளூர் அலுவலகக் கோப்பில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

அதனால் முதலில் உங்கள் ஊரில் வெள்ளப் பகுதிக் கட்டுமானங்களைக் கவனிக்கும் அதிகாரியான ஃப்ளட்ப்ளெய்ன் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கேளுங்கள். வீட்டை விற்றவரிடமும் கேளுங்கள். இருவரிடமும் இல்லையென்றாலோ, நடுவில் அறை கூட்டிக் கட்டியிருந்தாலோ உரிமம் பெற்ற சர்வேயரை வைத்துப் புதிதாக எடுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பி பகுதியில் பிஎஃப்இ என்ற எண்ணைப் பாருங்கள். எந்த ஓர் ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்புள்ள பெருவெள்ளம் எட்டக்கூடிய உயரம் அது. எங்களுக்கு 52 அடி. சி பகுதியில் கீழ்த்தளம் 53.6, ஏசி இயந்திரம் 52.9, வீட்டைச் சுற்றியுள்ள தரையின் மிகத் தாழ்ந்த இடம் 52.4 என்று இருந்தது. எல்லோரும் தளத்தின் உயரத்தையே பார்ப்பார்கள். நீங்கள் இந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். அது பிஎஃப்இ அளவோ அதற்கு மேலோ இருந்து, மண் கொட்டி மேடாக்காத இயற்கைத் தரையாகவும் இருந்தால், அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவிடம் லோமா, அதாவது வீடு அபாய மண்டலத்தில் இல்லை என்று வரைபடத்தைத் திருத்தும் கடிதம், கேட்டு விண்ணப்பிக்கலாம். ஃபெமா கட்டணம் வாங்காது. லோமா கிடைத்தால் காப்பீடு வேண்டும் என்ற அரசு விதி விலகும். ஆனாலும் வங்கி தன் பங்குக்குக் கேட்கலாம்.

இன்னொன்று, எந்த டேட்டத்தில், அதாவது உயரத்தை எந்த அடிப்படை மட்டத்திலிருந்து, அளந்தார்கள் என்றும் பாருங்கள். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் நிலமே தாழ்ந்திருக்கிறது; அதனால் பழைய உயர அளவுகள் இன்று பொருந்தாமல் போகலாம். வெள்ள வரைபடம் ஒரு டேட்டத்திலும் சான்றிதழ் வேறொன்றிலும் இருந்தால் ஒப்பிட்டுப் பயனில்லை.

ஃபெமாவின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் 2021 அக்டோபரில் வந்த ரிஸ்க் ரேட்டிங் 2.0 என்ற கட்டண முறையில் பிரீமியம் கணக்கிட இந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனாலும் ஏஜென்டிடம் கொடுங்கள், பிரீமியம் குறைந்தால் லாபம்தானே.

லோமா வந்த பிறகும் நாங்கள் காப்பீட்டை விடவில்லை. 2017 ஹார்வி புயலில் ஹாரிஸ் கவுண்டியில் மூழ்கிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இந்த 1 சதவீத மண்டலத்துக்கு வெளியே இருந்தவை. புதிய பாலிசி நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும். புயல் செய்தி கேட்டபின் வாங்கினால் அந்த வெள்ளத்துக்கு அது உதவாது.