பெண் அறுவை மருத்துவர் தம் ஊதியத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அரசு மருத்துவமனையில் பதவிக்கும் பணியாண்டுக்கும் உரிய ஊதிய அட்டவணை இருபாலருக்கும் ஒன்றே. அங்கே இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு தனியார் மருத்துவமனையில் கன்சல்டன்ட்டாக, முதலில் மினிமம் கேரண்டியிலும் (கேஸ் குறைந்தாலும் மாதந்தோறும் உறுதியாகக் கிடைக்கும் தொகை) பின்னர் கட்டணத்தில் பங்கு என்ற முறையிலும் சேர்ந்திருக்கும் பெண் மருத்துவர்தாம் கணக்குப் பார்க்க வேண்டியவர். ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் சதவீதம் ஆண் மருத்துவருக்கும் அதேதான் என்று தெரிந்தவுடன் மன நிறைவு கொண்டுவிட வேண்டாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஓர் அறுவைக்கு யார் செய்தாலும் கட்டணம் ஒன்றே. அப்படியிருந்தும், 2014 முதல் 2016 வரை அங்கு நடந்த சுமார் 15 லட்சம் அறுவைகளை ஆராய்ந்து 2019-ல் வெளியான ஆய்வு, அறுவை அரங்கில் கழியும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெண்கள் 24 சதவீதம் குறைவாக ஈட்டியதைக் காட்டியது. அவர்கள் மெதுவாகச் செய்தார்கள் என்பதும் காரணமன்று. நேரத்தில் வேறுபாடு இல்லை. அதிகக் கட்டணம் உள்ள அறுவைகள் அவர்கள் கைக்குக் குறைவாகவே வந்தன. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு இது புதிதாக இராது: ரேட் எல்லோருக்கும் ஒன்றானாலும், எந்தக் கட்டு யாருக்குப் போகிறது என்பதில்தான் வாரக் கூலி நிற்கிறது.

ஆகவே முதல் வேலை, ஆறு மாதத்துக்கு ஒரு குறிப்பேடு வைப்பது. ஒவ்வொரு அறுவைக்கும் அரங்கில் செலவான நேரம், அரங்கு கிடைக்கும்வரை காத்திருந்த நேரம், நோயாளி சொந்தப் பணத்தில் வந்தவரா, தனியார் காப்பீடா, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமா, அவர் யார் மூலம் வந்தார், உங்கள் பங்காக எவ்வளவு வந்தது என்று எழுதுங்கள். வாரத்துக்கு 10 மணி நேரம் அரங்கில் நின்று 40,000 ரூபாய் பெறுபவரின் மணிக் கணக்கு 4,000. காத்திருந்த 6 மணி நேரத்தையும் சேர்த்தால் அது 2,500 ஆகிவிடும். காலை முதல் கேஸ் யாருக்கு, மாலை கடைசி கேஸ் யாருக்கு என்பதும் இப்படித்தான் ரூபாயாகிறது.

அடுத்தது ஒப்பீடு. மாப்பிள்ளையின் சம்பளத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடும் நம் பக்கத்தில், உடன் பணியாற்றுபவரின் வருமானத்தைக் கேட்பது மட்டும் மரியாதைக் குறைவாகக் கருதப்படுவது விந்தைதான். கேட்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. துறையின் தினசரி அறுவைப் பட்டியலை வைத்து, ஒரே தகுதியும் அனுபவமும் உள்ளவர்களிடையே பெரிய கேஸ்களும் காலை நேரமும் எவ்வாறு பகிரப்பட்டிருக்கின்றன என்று எண்ணினாலே போதும். வேறு மருத்துவமனையில் இருக்கும் முதுநிலைப் படிப்புத் தோழர்களிடம் மினிமம் கேரண்டியின் அளவை மட்டும் விசாரித்துக்கொள்ளலாம்.

நிர்வாகத்திடம் பேசும்போது சதவீதத்தை உயர்த்தக் கேட்பதைவிடப் பகிர்வை எழுத்தில் கேட்பது பலன் தரும் என்பது என் கருத்து. மருத்துவரின் பெயர் குறிப்பிடாமல் வரும் புதிய நோயாளிகள் முறை வைத்து ஒதுக்கப்பட வேண்டும். அவசர அழைப்புக்கான பணியில் இருப்பவரிடமே அப்போது வரும் கேஸ் தங்க வேண்டும். காலை நேரம் சுழற்சியில் வர வேண்டும். பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் போன்ற ஊர்களின் குடும்ப மருத்துவர்களிடம் மருத்துவமனை தன் அறுவை மருத்துவர்களை அறிமுகப்படுத்தும் கூட்டங்களுக்கு உங்களையும் அழைத்துச் செல்லக் கேளுங்கள், ஏனெனில் ஆண் மருத்துவர்கள் ஆண் அறுவை மருத்துவர்களுக்கே கூடுதலாகப் பரிந்துரைக்கிறார்கள் என்பதும் ஒன்டாரியோவில் பதிவான செய்தி. பரிந்துரைக்குக் கமிஷன் கொடுப்பதை 2002-ன் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்திருப்பதால் அந்த வழியில் ஈடுகட்ட முயல வேண்டாம்.

சட்டத்தின் துணை எவ்வளவு என்பதை உங்கள் வரிப்பிடித்தமே ஓரளவு சொல்லிவிடும். சம்பளமாகப் பெறும் ஊழியருக்கு ஊதியத்தில் பாலினப் பாகுபாடு காட்டுவதை 2019-ன் ஊதியச் சட்டத்தொகுப்பு தடுக்கிறது. 26 வார மகப்பேறு விடுப்பும் ஊழியருக்கு உரியதே. தொழில்முறைக் கட்டணமாகக் கொடுத்து 10 சதவீதம் வரி பிடிக்கிறார்கள் என்றால் நிர்வாகம் உங்களை ஊழியராகக் கருதவில்லை. அந்நிலையில் விடுப்பின் காலம், திரும்பி வந்தபின் எத்தனை மாதத்துக்கு மினிமம் கேரண்டி, பழைய வெளிநோயாளர் நேரமும் அரங்கு நாளும் மீண்டும் உங்களுக்கே கிடைக்குமா ஆகிய மூன்றையும் கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.